ஒரே மஞ்சள்

ஓட்டு ரகசியமாம், சன்னலையெல்லாம் அடைத்துவிட்டார்கள். சட்டசபைத் தேர்தலில் துரைமாரின் ஆளுக்கு வெள்ளைப் பெட்டி. மஞ்சள் பெட்டிக்காரர் ஜெயித்தால் சிறையிலிருப்பவர்களை விடச்சொல்லிக் கேட்பாராம், சாயக்காரரின் மகனும் வீடு திரும்புவானாம். தட்டி மறைவில், சிம்னி விளக்கின் முன்னால், சீட்டும் கையுமாக நிற்கிறார் சாயக்காரர். அந்த வெளிச்சத்தில் இரண்டு பெட்டியும் ஒரே மஞ்சள். வெயிலில் பிடித்துப் பார்க்காமல் எந்தத் துணிக்கும் நிறம் சொல்லாதவர் அவர். "ஐயா, சன்னலைக் கொஞ்சம் திறங்களேன், நிறம் தெரியல." "அதெல்லாம் கூடாது, சட்டுனு போட்டுட்டு வாய்யா!" தட்டிக்கு அந்தப்பக்கம் அதிகாரி அதட்டுகிறார். சாயக்காரர் இரண்டு பெட்டியையும் தடவிப் பார்க்கிறார். விரலுக்கு நிறம் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு ஒன்றில் போடுகிறார். வாசல் வெயிலில் மருமகள் ஓடி வருகிறாள். "மஞ்சள்லதானே மாமா போட்டீங்க?" "ஆமாம்மா." புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து சிரிக்காதவள், சிரிக்கிறாள்.