படகு வாசலில் ஒரு விசாரணை

கடலடியில் மூழ்கிக் கிடந்த படகின் ஓட்டைக்குள் ஒரு சங்கரா மீன் குடியிருந்தது. அந்தப் பக்கம் யார் வந்தாலும் ஊர் பேர் விசாரிக்காவிட்டால் அதற்குத் தலையே வெடித்துவிடும்.

ஒருநாள் வால் கடிபட்ட செப்பிலி மீன் ஒன்று பதறியடித்து வந்தது.

“அண்ணே, சீலா மீன் துரத்துது! கொஞ்சம் உள்ளே விடுங்க.”

“விடலாம், விடலாம். நீ எந்தப் பாறை?”

“கிழக்கே, பவளப்பாறை.”

“அங்கே யார் வகையறா? ஏன் கிளம்பி வந்தே?”

“பவளமெல்லாம் வெளுத்துச் செத்துப்போச்சு. ஒளிய இடமில்லண்ணே!”

பின்னால் சீலாவின் நீண்ட நிழல் தெரிந்தது. சங்கரா வாசலை விட்டு நகரவில்லை.

“பாவம்தான். ஆனா இது நாங்க பரம்பரையா இருக்கிற இடம். கண்டவங்களையும்...”

“எந்தப் பரம்பரை?” என்று படகு உறுமியது. “நானே போன மழைக்குத்தான் இங்கே மூழ்கினேன். நீ அதுக்கப்புறம் வந்தவன். வழியை விடு!”

சங்கரா சட்டென்று ஒதுங்கியது. செப்பிலி உள்ளே பாய்ந்தது. துரத்தி வந்த சீலா பலகையில் மூக்கை இடித்துக்கொண்டு திரும்பிப் போனது.

பிறகு சங்கரா மெதுவாகப் பலகையோரம் ஒட்டிவந்து கேட்டது:

“அது சரி, நீ எந்த ஊர்ப் படகு?”