விழத் தெரியாதவன்

"எந்த முட்டி? தொட்டுக் காட்டுங்க டாக்டர், எந்த முட்டி?"

கதவு சுவரில் மோதித் திரும்பி வந்தது. அதை இன்னொரு முறை தள்ளிவிட்டு மதில் உள்ளே வந்தான்.

பிசியோ தலை நிமிரவில்லை. பேண்டேஜைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிசியோதான் என்றாலும் கிளப்பில் எல்லோருக்கும் அவர் டாக்டர். தடுப்பாட்டக்காரனான இவன் எல்லோருக்கும் மதில். வீட்டில் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இடது," என்றார்.

"இடது முட்டிக்கு என்ன? ஆபரேஷன் ஆகி, ஆறி, மறந்தே போச்சு. இன்னிக்குக் காலையில கேலரிப் படி அத்தனையும் ஏறி இறங்கினேன். கூட ஓடி வந்த கோல்கீப்பர் நெட்டைக்கு நாக்குத் தள்ளிடுச்சு. எனக்கு மூச்சுகூட வாங்கலை. நீங்க மேனேஜர்கிட்டப் போய் என் முட்டி போச்சுன்னு சொல்லியிருக்கீங்க! 'மதில் இடிஞ்சிடுச்சாமே'ன்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்க."

"உட்காரு."

"உட்கார மாட்டேன்."

கால்பந்து லீக்குக்கும் டி.வி. கம்பெனிக்கும் வழக்கு. பந்தயங்கள் பாதியில் நின்றுபோயின. மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. கிளப்பே இருக்காது என்று ஒரு பேச்சு. மைதானத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. காலையிலிருந்து ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உடம்பு சரியாக இருக்கிறவனை வைத்துக்கொள்ள, மற்றவனை அனுப்ப. அப்படித்தான் மதில் நினைத்திருந்தான்.

"அனுப்பிட்டா கிளப் வீட்டைக் காலி பண்ணணும். அவளுக்கு நிறைமாசம். எந்த நேரமும் வலி எடுக்கலாம். அவளைக் கூட்டிக்கிட்டு எந்தத் தெருவுல போய் நிப்பேன்? நீங்களே சொல்லுங்க."

"உட்காருடா."

உட்கார்ந்தான். வாய் மட்டும் நிற்கவில்லை.

"நெட்டையைப் பத்தி இப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா சரி. பக்கத்துல எவனாவது தும்மினாலே கோல் வாசல்ல விழுந்து புரள்றவன். காலையிலகூட அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன், 'உன்னுது கோல்கீப்பர் பொழப்பு இல்லடா, நாடகப் பொழப்பு'ன்னு. நான் என்னிக்காவது நடிச்சு விழுந்திருக்கேனா? எனக்குப் போய் இல்லாத நோவைக் கட்டிவிட்டிருக்கீங்களே, இது அடுக்குமா?"

பிசியோ அவன் இடது முட்டியில், பழைய தையல் தழும்பின் மேல், பேண்டேஜைச் சுற்ற ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. மேனேஜர்.

"டாக்டர், இவன் காலையில படியேறி ஓடினதா வாட்ச்மேன் சொல்றானே?"

"ஓடினான். அதனாலதான் இந்த நிலைமை."

"சார், எனக்கு ஒண்ணும்..." என்று மதில் வாயெடுத்தான்.

பிசியோவின் கட்டைவிரல் முட்டிச்சில்லுக்கு அடியில் ஓரிடத்தில் இறங்கியது.

"அம்மா!"

அந்த அலறலில் மேனேஜர் ஓரடி பின்வாங்கினார்.

"சனியன்," என்றார். "மொத்த டீமையும் அனுப்பியாச்சு. அடிபட்டவனை மட்டும் குணமாகிற வரைக்கும் அனுப்பக் கூடாதாம். லீக் சட்டம். இவனுக்கு வீடு, சோறு, சம்பளம் எல்லாம் இனிமே நம்ம தலையில."

வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நெட்டையும் கூடத்தானே ஓடினான்? அவனையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். அவன் வேற மாதிரி சொன்னான்னா, டாக்டர், அப்புறம் உங்களைப் பத்தியும் பேசவேண்டி வரும்."

கதவு சாத்திக்கொண்டது.

மதில் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். வலி இன்னும் தணியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, டாக்டர்."

"சொன்னா? நடிச்சுக் கிழிச்சிருப்ப. எதிராளி இடிச்சுத் தள்ளினாலும் விழாம நின்னு எத்தனை பெனால்டியைக் கோட்டைவிட்டவன் நீ."

"மத்தவங்க?"

பிசியோ பேண்டேஜின் நுனியைச் செருகினார். "அவங்க முட்டியில தழும்பு இல்லையேப்பா. எதைக் காட்டிச் சொல்லுவேன்?" பிறகு தோளைத் தட்டினார். "கிளம்பு. நொண்டிக்கிட்டே போ."

நடைவழியில், 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று எழுதிய பெரிய அணிப் படத்தின் கீழே நெட்டை நின்றிருந்தான். தோளில் பை. அலமாரியைக் காலி செய்துவிட்டான் போலிருந்தது. பையின் வாய் மூடாமல் கையுறைகள் வெளியே தொங்கின. நான்கடி தள்ளி மேனேஜர் முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். 'நில்லு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்' என்பதுபோல ஒரு கை நெட்டையின் பக்கம் நீண்டிருந்தது.

மதில் காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தான். முகத்தைச் சுளித்தான். பல்லைக் கடித்தான். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தான்.

நெட்டை அவனைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான், பிறகு கால்களைப் பார்த்தான். கட்டு இடது முட்டியில் இருந்தது. இழுபட்டுக்கொண்டிருந்தது வலது கால்.

அந்தப் பார்வை போன இடத்தில் மதிலின் பார்வையும் போனது. அப்படியே நின்றுவிட்டான். காலையில் படியில் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் திரும்பி வந்தது.

"சரி, வெச்சிடறேன்," என்று மேனேஜர் போனில் சொல்வது கேட்டது.

நெட்டை பையை அடுத்த தோளுக்கு மாற்றினான். இரண்டே எட்டில் மதிலின் இடப்பக்கம் வந்து, அவன் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்.

மேனேஜர் திரும்பியபோது மதிலின் இடது கால் தரையில் படவில்லை.