மீசைக்காரரின் ஓவர் ஆக்டிங்

"போச்சு, என் தோள் தனியா கழண்டு வந்துடுச்சு. கீழே விழறதுக்குள்ள யாராவது பிடிங்கப்பா."

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து சத்தம் வந்ததுமே மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சாச்சு."

பிசியோதெரபி கிளினிக்கில் அத்தையின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். தினமும் இதே கூத்துதான். அந்த ஆளின் பேர் தெரியாது. முகத்தில் பாதி மீசையாக இருந்ததால் இவளுக்கு அவர் மீசைக்காரர்.

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே மருமகளிடம் கொஞ்சம் இங்கிலீஷ் கைவசம் இருந்தது. லேசாகப் பண்ணினால் சீன். கூடக் கொஞ்சம் போனால் பில்டப். அழுகையும் சேர்ந்தால் டிராமா. அதற்கும் மேலே என்றால் ஓவர் ஆக்டிங். ஜலதோஷம் பிடித்த புருஷனிலிருந்து லீவு கேட்கிற ஆபீஸ் தோழி வரைக்கும் இதில் ஒன்றுக்காவது தப்பியவர்கள் கிடையாது. மீசைக்காரர் வந்த முதல் நாளே நேராகக் கடைசி வகுப்பில் பாஸாகிவிட்டார்.

அத்தையோ அப்படியே நேர்மாறு. இறுகிப்போன தோள், தன் தலையைத் தானே வார முடியவில்லை. தெரபிஸ்ட் கையைப் பிடித்துத் தூக்கும்போது நெற்றியெல்லாம் வேர்க்கும். இன்னொரு கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருக்கும்.

"வலிக்குதாம்மா?"

"இல்லைம்மா."

"எங்க அத்தை வாயே திறக்க மாட்டாங்க" என்றாள் மருமகள், அந்தப் பக்கத்துக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே.

தெரபிஸ்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அதுதாங்க பிரச்சினையே. எங்கே வலிக்குதுன்னு சொன்னாதானே எங்கே பிடிச்சிருக்குன்னு எனக்குப் புரியும்? இந்த வாரமும் கை ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில மயக்க மருந்து கொடுத்துத்தான் தூக்கணும்."

மருமகளுக்குப் பயம் வந்துவிட்டது. அத்தைக்கு ஏற்கனவே பிரஷர். மயக்க மருந்து என்றால் பெயரைக் கேட்டே பாதி மயங்கிவிடுவாள். அந்தப் பயம் அப்படியே மீசைக்காரர் மேல் கோபமாகத் திரும்பியது.

"அந்த ஆள் இப்படி ஊரைக் கூட்டினா அத்தை எப்படி மேடம் வாயைத் திறப்பாங்க? அவரை வேற நேரத்துக்கு மாத்துங்க."

"அவருக்கு இன்னிக்கோட முடியுது. நீங்க ஒண்ணு பண்ணுங்க, கொஞ்ச நேரம் வெளியே இருங்களேன்."

"நானா? நான் என்ன பண்ணினேன்?"

மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கத்துகிறவர் உள்ளே, சும்மா இருந்தவள் வெளியே. நல்ல நியாயம்.

உள்ளே கச்சேரி களைகட்டியது.

"உயிலாவது எழுதி வச்சிட்டு வந்திருப்பேனே. இந்த மீசையை மட்டும் என் தம்பிக்குக் கொடுத்துடுங்க."

அதற்கு நடுவே மெலிசாக ஒரு குரல். "ஆ."

மருமகள் நிமிர்ந்தாள். அது அத்தையின் குரல்.

"இவ்வளவுதானாம்மா? எனக்குப் போட்டியே இல்லையே" என்றார் மீசைக்காரர்.

"ஐயோ அம்மா... அங்கேதான், பின்னாடி, அக்குள் பக்கம். உயிர் போகுது."

"இங்கேயாம்மா?" இது தெரபிஸ்ட்.

"அங்கேயேதான். கொல்லாதடி பொண்ணே."

அப்புறம் யார் கத்துகிறார்கள் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கத்தல் ஓய்ந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

"பாருங்கம்மா, கை காது வரைக்கும் வந்துடுச்சு. ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம்."

மருமகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

மீசைக்காரர் வெளியே வந்தார். அலமாரி உச்சியில் வைத்திருந்த பையைக் கையை நீட்டி அலட்சியமாக எடுத்தார்.

"சார், அது உங்களுக்கு வலிக்கிற கைதானே?"

"வலியா? அது போன வாரமே போயாச்சும்மா."

"அப்போ இவ்வளவு நேரம் பண்ணினது?"

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல கத்தினது நிஜம். இப்போ பண்ணினதெல்லாம் உங்க அத்தைக்காகத்தான். ஏன் பல்லைக் கடிச்சிட்டே இருக்கீங்கன்னு நீங்க பக்கத்துல இல்லாத ஒரு நாள் கேட்டேன். வலி வந்த புதுசுல வீட்டுல வாய்விட்டு அழுதாங்களாம். 'ஒரே சீன், ஓவர் ஆக்டிங் தாங்கல'ன்னு யாரோ போன்ல சொல்லிச் சிரிச்சது காதுல விழுந்துடுச்சாம். அன்னியிலிருந்து வலிக்குதுன்னு சொல்லவே வாய் வரலைன்னாங்க. சரி, ஓவர் ஆக்டிங்னா என்னன்னு நான் காட்டறேன், என் சத்தத்துல நீங்க கத்துறது எடுபடாது, தைரியமா கத்துங்கன்னு சொல்லி வச்சேன்."

அன்றைக்குச் சமையலறையில் நின்று அக்காவோடு போனில் தான் சிரித்த சிரிப்பு இப்போது மருமகளின் காதிலேயே கேட்டது.

"யாருன்னு... சொன்னாங்களா?"

"பக்கத்து வீட்டம்மாவாம். நீங்க போய்ச் சண்டை கிண்டை போட்டுடாதீங்கம்மா. 'என் மருமகளுக்குத் தெரிஞ்சா அவளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா'ன்னு உங்க அத்தை ரொம்பப் பயப்படறாங்க."