சட்டையின்றி நிற்கும் நாள்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.40. நாகர்கோவிலில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவமனையின் இரண்டாம் மாடி.

அவன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

பரிசோதனை முடிந்திருந்தது. பெண்களுக்குப்போல் அவன் மார்பில் திரண்டிருந்த கொழுப்பை விரல்களால் அளந்து, மருத்துவர் செலின் கோப்பில் குறித்துக்கொண்டார். பதினான்கு வயதில் வந்தது. முப்பத்தைந்தாகியும் போகவில்லை. உடற்பயிற்சிக்கும் பட்டினிக்கும் அது அசையவில்லை.

பக்கத்து நாற்காலியில் மனைவி பகவதி. அவள் தோளில் மூன்று மாதக் குழந்தை உறங்கியது.

மேசைமேல் இரண்டு படங்கள்.

ஒன்று பழைய முறை. மருந்து நீரைச் செலுத்தி, கொழுப்பை இளக்கி, குழாயால் உறிஞ்சி எடுப்பது. மற்றது லேசர். மெல்லிய இழையொன்றை உள்ளே விட்டு, கொழுப்பைச் சூட்டில் உருக்கி, அதன்பின் உறிஞ்சுவது.

அவன் லேசர் என்று தீர்மானித்தே வந்திருந்தான். கையில் ஒரு துண்டறிக்கை. 'ஒரே வாரத்தில் இயல்பு வாழ்க்கை' என்ற வரியின் கீழ்க் கோடிட்டிருந்தான்.

அவனுக்கு நாள் இல்லை.

ஜூலை 12 அன்று குழந்தைக்குச் சோறூட்டு. கோயிலில் வைத்து முதற்சோறு. ஆண்கள் சட்டையோடு நுழையக் கூடாத கோயில். குழந்தையைத் தகப்பன் மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். அவன் இல்லையென்றால் தாய்மாமன். தாய்மாமனே வைத்துக்கொள்வது என்று மாமனார் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அவனைக் கேட்கவில்லை.

கேட்கத் தேவையில்லை. அவன் நாத்திகன்.

அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள். நிச்சயதார்த்தத்தன்று அவன் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாப்பிள கட்சிக்காரரோ?" என்று மாமனார் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் வேறு காரணம் சொல்லவேண்டும். அவன் பேசாதிருந்தான். பேசாதிருந்தது கொள்கையாயிற்று.

நான்கு ஆண்டுகளாக மைத்துனனுக்கு அது வேடிக்கை. "சூடத்த அணைங்கடே, பகுத்தறிவு வருது!"

அவனும் சேர்ந்து சிரிப்பான்.

மற்றவர்கள் உள்ளே போவார்கள். அவன் செருப்புகளுக்கும் செல்பேசிகளுக்கும் காவலிருப்பான். கண்ணை மூடினால் யாராவது பார்த்துவிடுவார்கள். கண்ணைத் திறந்தபடியே கும்பிடப் பழகியிருந்தான்.

அவன் கும்பிடுவது பகவதிக்கும் தெரியாது. அவன் மார்பு தெரியும். அதை அவள் ஒரு குறையாக எண்ணியதில்லை. அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள் என்று சொல்லித்தான் அவளை அழைத்துவந்திருந்தான்.

"லேசர்னா ஒசத்தி, பழசுன்னா மட்டம்னு ஒண்ணும் கெடையாது, தாணுலிங்கம்," என்றார் மருத்துவர். "லேசர்ல தோல் கொஞ்சம் கூடுதலா இறுகும். ரத்தம் கன்னிப்போறது கொறவா இருக்கும். ஆனா சூடு தப்பிச்சுன்னா தோல் வெந்துரும். ஒங்க தோல் தானாவே சுருங்குத தோல். பழைய முறையே போதும். காம்புக்கு அடியில கட்டியா இருக்கதை எந்த முறையிலயும் சின்னதா கீறித்தான் எடுக்கணும்."

"லேசர்னா ஒரு வாரத்துல..."

"ஒரு வாரத்துல ஆபீஸ் போலாம். சட்டை போட்டுட்டு. உள்ள இறுக்கமான பனியன் ஆறு வாரம். ரெண்டுக்கும் அதேதான்."

அவன் துண்டறிக்கையைப் பார்த்தான். ஆறு வாரம் என்று அதில் எங்கும் இல்லை.

"சட்டை இல்லாம எப்ப நிக்கலாம்?"

மருத்துவர் சிரித்தார். "எங்க? கடல்லயா?"

"கோயில்ல."

சொல்லிவிட்டான்.

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த பகவதியின் கை நின்றது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கழுத்துவரை பூட்டியிருந்த சட்டையைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க..."

முடிக்கவில்லை. அவன் தலையசைத்தான்.

"நாலு வருசமா ஒங்களுக்கும் சேத்துல்லா நான் கும்பிட்டுக்கிட்டு வாறேன்!" குரலில் கோபம் இருந்தது. கண் வேறொன்று சொல்லிற்று. "ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொன்னா சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் சிரிக்கல்லியாக்கும்?"

மருத்துவர் கோப்பில் எதையோ தேடத் தொடங்கினார்.

பகவதி அவர் பக்கம் திரும்பினாள். "டாக்டரே, வீக்கம் முழுசா வடிய எத்தன நாளாகும்?"

"ஒரு பன்னெண்டு வாரம்னு வச்சுக்கிடுங்க."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். இடையில் தவறிற்று. முதலிலிருந்து எண்ணினாள்.

"பொம்பளப்பிள்ளைக்கு ஒத்தப்பட மாசமா இருந்தா போதும்," என்றாள். "அஞ்சாம் மாசந்தான்னு சட்டமா? ஏழும் கொள்ளாம்."

அவன் துண்டறிக்கையை மடித்து மேசைமேல் வைத்தான்.

பழைய முறையே என்று முடிவாயிற்று. அறுவை ஜூன் 20, வியாழக்கிழமை. சோறூட்டு ஏழாம் மாதத்தில், செப்டம்பர் 12, ஆவணி 27ஆம் நாள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது தகப்பன். மாப்பிள்ளைக்கு எப்படி மனம் மாறிற்று என்று கேட்பவர்களுக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பைப் பகவதி ஏற்றுக்கொண்டாள்.