ஆயிரத்துக்கு இருபது

காரில் வேகம் காட்டும் முள் செத்து மூன்று மாதமாகிறது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மட்டும் வேலை செய்தது. சாமியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் கிடந்தார். கோவை ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். ஐம்பதைத் தாண்டவே பயப்படும் மனைவி சாரதாமணி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, முள்ளு ரெண்டாயிரத்து ஐநூறுல நிக்குது. எவ்வளவு வேகமுங்க?”

“ஆயிரம் சுத்துக்கு இருபது. அம்பதுதான் போறே.”

நிட்டிங் மெஷின் ஃபிட்டரான கணவரின் கணக்கை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“இப்பங்க?”

“அம்பது.”

“இப்பங்க?”

“அட, அம்பதுதான் சாரதா. சித்த நேரம் கண்ண மூட வுடு.”

“மூடாதீங்க. எனக்குப் பயமா இருக்குது. கணக்குச் சொல்லிட்டே வாங்க.”

அலுத்துப்போய்ச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் வார்டில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் ஒப்புக்கொண்டார்.

“பொய் சொல்லிட்டேன் சாரதா. கடைசிக் கியர்ல ஆயிரத்துக்கு நாப்பது. நீ நூறுல வந்தே.”

“தெரியுமுங்க. ரோட்டுல ஒரு வண்டிகூட என்னையத் தாண்டல.”

“அப்புறம் எதுக்குக் கேட்டுட்டே வந்தே?”

சாரதாமணி போர்வையைச் சரிசெய்தாள்.

“பதில் வருதான்னு பாக்கத்தானுங்க.”