கார்க்காரர் மேல் ஒரு மனு

மஜீத் பாய் ஃபைலைக் கட்டிலின் மேல் விரித்ததும் அப்புசாமி விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இது ஏழாவது தடவை. ஃபைலில் இருப்பது இன்சூரன்ஸ் மனு. அப்புசாமி ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அதைத்தான் போட மாட்டேன் என்கிறார்.

ஐந்தே முக்கால் மாதத்துக்கு முன்னால், வெயில் ஏறுகிற நேரத்தில், மதுக்கரை ரோட்டில் சைக்கிளில் பால் கேன்களோடு போய்க்கொண்டிருந்தவரை ஒரு கார் இடித்துவிட்டது. பால் போனது போகட்டும், வலது முழங்காலும் போய்விட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கால் மடங்குவேனா என்கிறது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் மடங்கும் என்கிறார் டாக்டர். செய்யாவிட்டால் இந்த ஜென்மத்தில் சைக்கிள் மிதிக்க முடியாது.

ஆபரேஷனுக்கு இரண்டே வழி. ஒன்று இந்த மனு. இல்லையென்றால் கட்டுத்தறியில் நிற்கும் இரண்டு எருமைகள்.

எருமையை விற்றுக் காலைச் சரி செய்துகொண்டு, அப்புறம் எதைக் கறந்து ஊற்றப் போகிறீர்கள் என்று அவர் சம்சாரம் வள்ளியாத்தாள் கேட்கிறாள். நியாயமான கேள்வி.

மஜீத் பாய் கோட்டைமேட்டில் பவானி ஜமக்காளம் விற்கிறவர். அடிபட்ட அன்று அப்புசாமியை அள்ளித் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான். அதற்கு முன்னால் இருவருக்கும் முகப் பழக்கம்கூடக் கிடையாது. அன்றிலிருந்து கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு வாரம் தவறாமல் வருகிறார். வக்கீலிடம் கேட்டு வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார்.

காருக்குக் கட்டுகிற இன்சூரன்ஸ், நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதற்கு மட்டும் இல்லையாம். இடிபட்ட ஆளுக்கும் சேர்த்துத்தானாம். ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்கலாம். பால் ஊற்றப் போகாத மாதங்களின் வருமானத்தைக் கேட்கலாம். கால் இனிமேல் எவ்வளவு தூரம் உதவும் என்று டாக்டர் ஒரு சர்ட்டிபிகேட் தருவார், அதற்கும் கேட்கலாம். கொடுப்பது கம்பெனி. கார்க்காரர் கையிலிருந்து எதுவும் போகாது.

ஆனால் எதிராளி என்று கார்க்காரர் பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதுவும் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது அப்போதைய சட்டம். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

அப்புசாமிக்கு எல்லாமே நன்றாகப் புரிந்தது. எதிராளி என்ற அந்தச் சொல்தான் உள்ளே இறங்க மறுத்தது.

"நல்ல மனுசனைக் கோர்ட்டுக்கு இழுக்கறதுங்களா? எனக்கு அது ஆகாதுங்க, பாய்."

கார்க்காரரைப் பற்றி இருவரும் பேசுவது எப்போதும் இந்த மாதிரிதான். பெயர் சொல்வதே இல்லை. கார்க்காரருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்பார் பாய். கார்க்காரர் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பார் அப்புசாமி. எங்கோ தூரத்து ஊரில் இருக்கிற சம்பந்தி வீட்டாரை விசாரிப்பது போல இருக்கும்.

இந்த மரியாதைதான் அப்புசாமியின் குடியைக் கெடுத்தது. ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த ஏட்டையாவிடம், ஜல்லியில் சைக்கிள் சறுக்கி நானாகத்தான் விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். எலும்பு ஒடிந்து கிடக்கும்போதும் அடுத்தவரைக் குறை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஏட்டையாவும் வேலை மிச்சம் என்று அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தானாக விழுந்தவனுக்கு எந்தக் கம்பெனி பணம் தரும்? இதைச் சொல்லித்தான் ஆறு தடவையும் அப்புசாமி தப்பித்தார். இன்றைக்கும் அதையே எடுத்துவிட்டார்.

மஜீத் பாய் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"கார்க்காரர் நேத்து ஸ்டேசனுக்குப் போயிட்டு வந்துட்டாருங்ணா. வளைவுல பராக்குப் பாத்துட்டு இடிச்சது நாந்தான்னு எழுதிக் குடுத்துப்போட்டாரு. கேஸும் பதிஞ்சுட்டாங்க."

இனி கார்க்காரர் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். நாலு பேர் பார்க்கக் கூண்டில் நிற்க வேண்டும். அபராதத்தோடு போனாலும், பெயரில் ஒரு கேஸ் இருந்தது இருந்ததுதான். யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், தானாகப் போய்த் தலையைக் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

டீ கொண்டுவந்த வள்ளியாத்தாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மஜீத் பாய்க்கு முதலில் கொடுத்தாள்.

அவர் டீயை ஓரமாக வைத்துவிட்டு மனுவைக் கடைசியாக ஒரு முறை வாசித்தார். விபத்துக் கோர்ட்டுக்கு வருகிற எல்லா மனுவிலும் இருக்கும் அதே வரிதான். 'காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்' என்று போனது அது. ரேஷன் கார்டு விவரம் படிக்கிற மாதிரி, எங்கும் தடுமாறாமல் படித்து முடித்தார். பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.

இனிமேல் போடாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைச்சல் என்று அப்புசாமிக்குத் தோன்றியது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் விட்டத்தை விட்டுவிட்டு பாயின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீங்க அத்தனை வேகமா வரலீங்க, பாய்."