தாழ்ப்பாள் மட்டும்

ஒரு தாழ்ப்பாள் கேட்டதற்கு இந்த மனிதர் ஏன் இத்தனை பெட்டிகளைத் திறக்கிறார்? நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?

தாழ்ப்பாள் என்றுதான் சொன்னேன். உள்பக்கம் போடுவதற்கு என்றும் சொன்னேன். மகள் திங்கட்கிழமை என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

"அம்மா, என் ரூமுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும்."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதினான்கு வயது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தினமும் கேட்டாள், வாங்கிட்டியாம்மா என்று. இன்று காலை கேட்டபோது ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பள்ளி விடுவதற்குள் மாட்டிவிட வேண்டும். இதற்கு எதற்கு விடுப்பு என்று எனக்கே புரியவில்லை.

காதில் பென்சில் செருகியிருந்த விற்பனைக்காரர், நான் எடுத்து வைத்த தாழ்ப்பாளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பளபளப்பான பூட்டு ஒன்றை நடுவில் வைத்தார்.

"பிள்ளைங்க ரூமா மேடம்? அப்ப இதான். செட்டு. கைப்பிடி, பூட்டு, சாவி எல்லாம் இருக்கு. அந்தத் தாழ்ப்பாளும் இதோடதான் வரும், தனியா குடுக்கறதில்ல."

ஆணியில் அது தனியாகத்தானே தொங்கியது? அட்டையில் அதற்கென்று விலைகூட இருந்தது. இருந்ததா, நான்தான் சரியாகப் பார்க்கவில்லையா? எனக்கு எப்போதும் இப்படித்தான். எதிரில் இருப்பவர் அடித்துப் பேசினால் என் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவேன்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஏதோ அறிவிப்பு. முக்கால்வாசியைப் பெட்டிகள் மறைத்திருந்தன. 'வற்புறுத்தக் கூடாது' என்பது மட்டும் தெரிந்தது. யார், யாரை, எதற்கு என்பதெல்லாம் பெட்டிகளுக்குப் பின்னால்.

"வேற என்ன மேடம்?"

"சேர் காலுக்கு ரப்பர்" என்றேன்.

மகள் படிக்கிற நாற்காலியை இழுத்து இழுத்து அறைத் தரையெல்லாம் கோடு. படுக்கப் போகும் நேரத்தில் தினமும் ஒரு கிரீச். தரை என்ன சிலேட்டா என்று நேற்றுகூடத் திட்டினேன்.

ரப்பர் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேடமாக இருந்த நான் அக்கா ஆனேன்.

"செட்டு எடுத்தீங்கன்னா ரப்பர் ஃப்ரீக்கா. இன்னொண்ணு பாருங்க, பிள்ளைங்க கோவத்துல உள்ள பூட்டிக்கிட்டாலும் வெளியிலேருந்து சாவி போட்டுத் திறந்துடலாம். வெறும் தாழ்ப்பாள்ல அது முடியுமா? பெத்தவங்களுக்கு அதானே நிம்மதி?"

நியாயமாகத்தான் பட்டது. உள்ளே மயங்கி விழுந்தால்? ஒரு அம்மாவுக்கு இது தோன்ற வேண்டாமா? தலையை ஆட்டினேன் போலிருக்கிறது. அவர் பில் புத்தகத்தைப் பிரித்தார்.

"வீட்ல எத்தனை பேரு அக்கா? ஆளுக்கு ஒரு சாவி போட்டுடலாம்."

"மூணு." உடனே, "இல்ல, நாலு."

"என்னக்கா, சொந்த வீட்டு ஆளுங்களையே விரல் விட்டு எண்ணுறீங்க!" என்று சிரித்தார்.

நானும் சிரிக்கப் பார்த்தேன்.

நான். கணவர். மகள். அப்புறம், கணவரின் தம்பி. வேலை கிடைக்கிறவரை என்று வந்து இரண்டு மாதமாகிறது. வீட்டையே கலகலப்பாக்கிவிடுவார். எந்த அறைக்கும் தட்டாமல்தான் நுழைவார். கேட்டால், "நம்ம வீட்டுக்குள்ள என்ன அண்ணி, தபால்காரன் மாதிரி தட்டிக்கிட்டு?" என்பார். நாங்கள் சிரிப்போம்.

நாங்கள் என்றால் யார் யார்?

நான் சிரித்திருக்கிறேன். கணவர் சிரித்திருக்கிறார். மகளின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை.

விற்பனைக்காரர் கம்பி வளையத்தில் சாவிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மற்ற மூன்றின் மேல் விழுந்து சத்தம் போட்டது.

அந்தக் கோடுகளுக்காகத் திட்டியிருக்கிறேனே தவிர, அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது, இந்தக் கடையில் நின்றுகொண்டு பார்த்தேன்.

மேசையிலிருந்து கதவுக்கு. எல்லாக் கோடும் கதவுக்கு.

"தாழ்ப்பாள் மட்டும் குடுங்க."

"அதான் சொன்னேனேம்மா, தனியா..."

அக்காவிலிருந்து அம்மாவாகிவிட்டேன்.

"அட்டையில தனியா விலை போட்டிருக்கு. அதுக்கு மட்டும் பில் போடுங்க."

என் குரல் மெதுவாகத்தான் வந்தது. அவர் தாழ்ப்பாளை எடுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பென்சிலால் காதோரம் சொறிந்துகொண்டார்.

"வெளியிலேருந்து யாரும் திறக்க முடியாது. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

வளையத்திலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, ரப்பர் பாக்கெட்டை மட்டும் மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

"இதையாவது போடட்டுமா? நீங்கதானே கேட்டீங்க."

"வேணாம்" என்றேன். "அவ இனிமே சேரை இழுக்க மாட்டா."